அலுமாரிக்குள் கிடந்த கமரா

“எறிய மனம் வரல்ல ஐயா. அம்மாட படம் இதுக்குள்ளதான் இருக்கு.”

மட்டக்களப்புக் கரையோரக் கிராமமொன்றிலிருந்து வந்த சகோதரி ஒருவர் இப்படிச் சொல்லிக்கொண்டே ஒரு துணிப்பையை எமது மேசையில் வைத்தார். உள்ளங்கை அளவான டிஜிற்றல் கமரா ஒன்றும், ஒரு வயரும், கீறல் விழுந்த இறுவட்டு ஒன்றும் அதற்குள் இருந்தன. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி ஏற்பட்ட கடற்கோளின் பின்னர், வீடமைப்பு வேலைகளைப் படம்பிடித்து வைப்பதற்கென அவ்வூர் மாதர் சங்கத்துக்குக் கொடுக்கப்பட்ட மலிவான கமரா அது. சங்கத்தின் முதல் தலைவி இச்சகோதரியின் தாயார். அவர் நோயுற்றுக் காலமாகிப் பல ஆண்டுகளாகின்றன. குடும்பத்தின் பழைய அல்பங்களைக் கடல் கொண்டுபோய்விட்டது. அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தெடுத்த மங்கலான படம் ஒன்றே மகளிடம் எஞ்சியிருக்கிறது.

பட்டணத்துக் கடையொன்றில் கமராவைப் புதிய கணினியுடன் இணைத்துப் பார்த்திருக்கிறார்கள். கணினி அதனை அறிந்துகொள்ளவில்லை. “கமரா பழுது, எறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எமது கிராமங்களில் இப்படிப்பட்ட கமராக்கள் பல அலுமாரிகளுக்குள் உறங்குகின்றன. அவற்றுட் பல பழுதடைந்தவையல்ல. ஆகவே இச்சகோதரியின் கமராவுடன் நாம் கற்றுக்கொண்டவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஏன் இந்தப் பிணக்கு?

கணினியை நடத்துவது வின்டோஸ் போன்ற பணிசெயல் முறைமை. வெளியிலிருந்து இணைக்கப்படும் கருவியொன்றின் பேச்சு அதற்கு விளங்கவேண்டும். பழைய கமராக்கள் மூன்று விதமாகப் பேசின. சில, சாதாரண நினைவகக் குச்சியைப் போலத் தம்மைக் காட்டிக்கொண்டன. சில, பி.ரி.பி. என்ற பொது விதியைப் பின்பற்றின. இவ்விரு வகைகளையும் இன்றைய கணினிகளும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மூன்றாவது வகையோ தனக்கென ஒரு மொழியை வைத்திருந்தது. அதனை மொழிபெயர்க்கும் இயக்கி மென்பொருள், கூடவந்த இறுவட்டில் இருந்தது.

அந்த இயக்கிகள் வின்டோஸ் 98, வின்டோஸ் எக்ஸ்பி ஆகியவற்றுக்காக எழுதப்பட்டவை. அக்காலக் கணினிகள் பெரும்பாலும் 32 பிற் முறையில் இயங்கின. 2021இல் வந்த வின்டோஸ் 11, 64 பிற் முறையில் மட்டுமே இயங்குகிறது. 32 பிற் இயக்கியை அது ஏற்காது. இறுவட்டை எத்தனை முறை போட்டாலும் பயனில்லை. குற்றம் கமராவிலும் இல்லை, கணினியிலும் இல்லை. இரண்டுக்கும் இடையில் நின்ற மொழிபெயர்ப்பாளன் போய்விட்டான்.

முதலில் பற்றரி

சகோதரியின் கமரா எம்மிடம் வந்தபோது, பற்றரிப் பெட்டிக்குள் வெள்ளைத் தூள் படிந்திருந்தது. பழைய அல்கலைன் பற்றரி கசிந்ததன் அடையாளம் அது. பற்றரிகளை அகற்றிவிட்டு, பஞ்சு சுற்றிய குச்சியை வினாகிரியில் இலேசாக நனைத்து உலோக முனைகளைத் துடைத்தோம். நன்றாக உலரும்வரை பொறுத்தோம்.

கடைகளில் விற்கும் மிக மலிவான பற்றரிகள் இக்கமராக்களுக்குப் போதா. கமரா எழும்பி உடனே அணைந்துவிடும். பலர் அதைப் பழுதென்று எண்ணிவிடுகிறார்கள். புதிய அல்கலைன் பற்றரியோ, மீள்மின்னேற்றக்கூடிய நிக்கல் பற்றரியோ போடவேண்டும். நாமும் அவ்வாறே செய்தோம். சிறிய திரை ஒளிர்ந்தது. மொத்தம் 11 படங்கள். மூன்றாவது படத்தில், அரைவாசி எழும்பிய சுவரின் முன்னால் தாயார் நின்றார். மகள் எதுவும் பேசவில்லை. பெருவிரல் நகமளவு முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தார். அதை வெளியே எடுப்பது எப்படி என்பதே இனி எம்முன் இருந்த வேலை.

நினைவட்டை என்ற குறுக்குவழி

பல கமராக்களில் படங்கள் சிறிய நினைவட்டையில் இருக்கும். அப்படியானால் கமராவையும் கணினியையும் பேசவைக்க வேண்டிய தேவையே இல்லை. அட்டையைக் கழற்றி, காட் றீடரில் செருகிக் கணினியில் போட்டால் போதும். எஸ்.டி. அட்டையின் ஓரத்திலுள்ள சிறிய பூட்டை முதலில் கீழே தள்ளிவிடுங்கள். தவறுதலாக அழிவதை அது தடுக்கும். டி.சி.ஐ.எம். என்ற கோப்புறைக்குள் படங்கள் இருக்கும். “அட்டையை ஃபோர்மற் செய்யவா?” என்று கணினி கேட்டால், ஒருபோதும் ஆம் என்று சொல்லாதீர்கள்.

சகோதரியின் கமராவிலோ அட்டை இருக்கவில்லை. 16 மெகாபைற் அளவான உள் நினைவகத்திலேயே படங்கள் இருந்தன. இத்தகைய கமராக்களில் அட்டையைப் போட்டதும் உள்ளிருக்கும் படங்கள் திரையில் தெரியாமற் போவதுண்டு. ஆகவே அட்டை வெறுமையாக இருந்தால், அதைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

கமராவின் பட்டியலில் ‘உள்ளிருந்து அட்டைக்குப் பிரதிசெய்’ என்ற வசதி இருப்பதைக் கண்டோம். மகிழ்ச்சியோடு 32 ஜிகாபைற் அட்டையொன்றைப் போட்டோம். ‘அட்டைப் பிழை’ என்றது கமரா. 2006க்கு முற்பட்ட எஸ்.டி. கமராக்கள் பொதுவாக 2 ஜிகாபைற் வரையான அட்டைகளையே ஏற்கும். பெரிய அட்டைகளின் விதிகள் அதன் பின்னரே வந்தவை.

சின்ன அட்டை எங்கே கிடைக்கும்? சகோதரியின் தம்பி வீட்டுக்குப் போய், பழைய கைத்தொலைபேசியொன்றிலிருந்து 1 ஜிகாபைற் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். அதிலிருந்தவற்றை வேறிடத்தில் சேமித்து, அட்டையைக் கணினியிலேயே வெறுமையாக்கினோம். கமராவினுள் ஃபோர்மற் செய்திருந்தால், தவறிப்போய் உள் நினைவகம் அழிந்துவிடக்கூடும் என்று அஞ்சினோம். உறையொன்றில் பொருத்திக் கமராவில் போட்டு, பிரதிசெய்யும் பொத்தானை அழுத்தினோம். ஒரு நிமிடமும் ஆகவில்லை. 11 படங்களும் அட்டைக்கு வந்துவிட்டன.

பிரதி வசதி இல்லாவிட்டால்

எல்லாக் கமராவிலும் இவ்வசதி இராது. அப்போது வயர் வழிதான். பின்வருவனவற்றை ஒழுங்காகச் செய்து பாருங்கள்.

வயரை மாற்றிப் பாருங்கள். சில வயர்கள் மின்னை மட்டுமே கடத்தும், தரவைக் கடத்தா.

கமராவைப் படம் பார்க்கும் நிலையில் வைத்து இணையுங்கள். பட்டியலில் யு.எஸ்.பி. தெரிவு இருந்தால் அதனையும் மாற்றிப் பாருங்கள்.

வின்டோஸ் எக்ஸ்பி உள்ள பழைய கணினி பாடசாலையிலோ பங்குமனையிலோ இருந்தால், இறுவட்டிலுள்ள இயக்கியை அதில் நிறுவலாம். எக்ஸ்பிக்கான பாதுகாப்பு ஆதரவு 2014இல் நின்றுவிட்டது. எனவே அக்கணினியை இணையத்துடன் இணைக்காதீர்கள்.

லினக்ஸ் என்ற இலவசப் பணிசெயல் முறைமையை நினைவகக் குச்சியொன்றிலிருந்தே இயக்கலாம். கணினியிலுள்ள வின்டோஸை அழிக்கத் தேவையில்லை. ஜிபோட்டோ என்ற இலவச மென்பொருள் அதில் இயங்கும். உற்பத்தியாளர்கள் கைவிட்ட பல மலிவான கமராக்கள் உட்பட, 2,000க்கு மேற்பட்ட கமரா வகைகளின் பேச்சு அதற்கு விளங்கும். உலகெங்குமுள்ள தன்னார்வலர்கள் எழுதிச் சேர்த்த சிரமதானம் அது.

ஒன்றை மறைக்காமற் சொல்லவேண்டும். மிக மலிவான, அட்டையே இல்லாத சில கமராக்கள், பற்றரி இருக்கும்வரை மட்டுமே படங்களை வைத்திருந்தன. பற்றரி தீர்ந்ததும் அவை அழிந்துவிட்டன. அவற்றை எவராலும் மீட்கமுடியாது. பணம் வாங்கிக்கொண்டு மீட்டுத் தருவதாகச் சொல்வோரை நம்பாதீர்கள்.

படத்துக்குப் பெயர் எழுதுங்கள்

சகோதரியின் படங்களைக் கணினியில் திறந்தபோது, எல்லாவற்றிலும் 2004 ஜனவரி 1 என்ற திகதியே இருந்தது. கடற்கோளுக்குப் பின் எழும்பிய வீடுகளுக்குக் கடற்கோளுக்கு முந்திய திகதி! கமராவின் மணிக்கூட்டை ஒருவரும் சரிசெய்திருக்கவில்லை. ஆகவே கமரா சொல்லும் திகதியை மட்டும் நம்பாமல், ஊரின் மூத்தவர்களிடம் கேட்டு, யார், எங்கே, எந்த ஆண்டு என்று இப்போதே எழுதி வையுங்கள். இன்னும் பத்து ஆண்டுகளில் கேட்க ஆளிராது.

படங்களை ஓரிடத்தில் மட்டும் வைக்காதீர்கள். கணினியில் ஒன்று, நினைவகக் குச்சியில் ஒன்று, வேறொரு வீட்டில் இன்னொன்று என மூன்று பிரதிகள் வேண்டும். முக்கியமான படத்தைக் கடதாசியிலும் எடுத்து வையுங்கள். 3 மெகாபிக்சல் கமராவின் படமே 6 அங்குலத்துக்கு 4 அங்குல அளவில் தெளிவாக வரும்.

கமராவும் வீணாகவில்லை. 1 ஜிகாபைற் அட்டையுடன் அது மீண்டும் சங்கத்துக்கே போயிருக்கிறது. கிணறு துப்புரவாக்குதல், சேமிப்புக் கூட்டம் ஆகியவற்றைப் படம்பிடிக்க அதுவே போதும். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்ததிலிருந்து, இருப்பதைத் திருத்திப் பயன்படுத்துவதன் அருமை எமக்கெல்லாம் தெரியும்.

அப்பங்களைப் பகிர்ந்தளித்த பின்னர், எஞ்சிய துண்டுகளையும் சேர்த்தெடுக்கச் சொன்னார் ஆண்டவர். எமது ஊர்களின் கதையும் இப்படித் துண்டு துண்டாகவே அலுமாரிகளுக்குள் கிடக்கிறது. இந்த வாரம் உங்கள் சங்க அலுமாரியைத் திறந்து பாருங்கள்.

சகோதரி மூன்றாவது படத்தில் இரண்டு பிரதிகள் எடுத்தார். ஒன்று வீட்டுக்கு. மற்றையது இப்போது சங்கக் கட்டடத்தின் சுவரில் தொங்குகிறது.