ஒரு பிரஷருக்கு எதுக்கு ரெண்டு மருந்து?

"அம்மாவுக்கு ரெண்டு மருந்து சேர்ந்த பிரஷர் மாத்திரை எழுதிட்டாங்க. நோய் முத்திடுச்சா?" அப்பா அம்மாவை ஊர்ல விட்டுட்டு சென்னையில வேலை பார்க்கிற பலருக்கும் இந்தப் பயம் இருக்கு.

அப்படி அர்த்தம் இல்லை. சிகிச்சையைத் தொடங்கும்போதே கூட்டு மருந்து கொடுக்கலாம், முடிஞ்சா ஒரே மாத்திரையா கொடுக்கணும்னு உலக சுகாதார நிறுவனத்தோட 2021 வழிகாட்டுதல் சொல்லுது.

காரணம் எளிமையானது. அம்லோடிபின் ரத்தக்குழாயைத் தளர்த்தும். அழுத்தம் குறைஞ்சதும் உடம்பு சும்மா இருக்காது. சிறுநீரகம் ரெனினைச் சுரந்து, குழாயைத் திரும்பவும் இறுக்கப் பார்க்கும். டெல்மிசார்டன் அந்த வழியை அடைக்கும். ஒரே மருந்தை ரெண்டு மடங்காக்கினா பலன் கொஞ்சம்தான் கூடும்; ஆனா கால் வீக்கம் மாதிரி பக்கவிளைவு நல்லாவே கூடும். டெல்மிசார்டன் சேர்ந்தா அந்த வீக்கமும் குறையும்.

நம்ம நாட்டுலயே இதுக்கு ஆதாரம் இருக்கு. டாப்ஸ்பின் ஆய்வுல இந்தியாவின் 32 மையங்கள்ல 1,981 பேருக்கு மூணு விதமான கூட்டு மாத்திரை கொடுத்தாங்க. ஆறு மாசத்துல ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழ வந்துச்சு.

ஆனா ஒரு ஆபத்தும் இருக்கு. 2021 ஆகஸ்ட் 5-ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல மாத்திரை வீட்டுக்கே வருது. கம்மாபுரத்துல இருக்கிற ஒரு அம்மாவுக்கு அப்படி அம்லோடிபின் வருதுன்னு வைங்க. நடுவுல விருத்தாசலத்துல ஒரு தனியார் டாக்டரைப் பார்க்கிறாங்க. அவர் கூட்டு மாத்திரை எழுதுறார். பேர் வேற, நிறம் வேற. ஆனா அதுக்குள்ளயும் அம்லோடிபின்! ரெண்டையும் போட்டா தலைசுத்தல் வரலாம், எழுந்திருக்கும்போது விழலாம்.

அதனால அடுத்த முறை ஊருக்குப் போறப்போ எல்லா அட்டையையும் எடுத்து வைங்க. கம்பெனி பேரை மட்டும் பார்க்காம, அட்டையில இருக்கிற மருந்துப் பேரைப் படிங்க. ஒரே பேர் ரெண்டு அட்டையில இருந்தா நீங்களா எதையும் நிறுத்தாதீங்க. அட்டையோட டாக்டரைப் பாருங்க.

இன்னொண்ணு: அம்மா மாத்திரையை வீட்ல வேற யாரும் போடக்கூடாது. முக்கியமா கர்ப்பிணிகளுக்கு டெல்மிசார்டன் ஆகவே ஆகாது. கடைசியா, "பிரஷர் நார்மல்"னா மாத்திரை வேலை செய்யுதுன்னு அர்த்தம். அதை நிறுத்தலாம்னு அர்த்தம் இல்லை.