காற்றில் போகாத பாஸ்வேர்டு

கரோல்பாக் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வைஃபை அலை சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கும் போகிறதே, என் பாஸ்வேர்டும் கூடவே போய்விடாதா?"

போகாது. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த சங்கதியே அதுதான். 2004இல் வந்த டபிள்யூபிஏ2 முறையில், நீங்கள் தட்டும் பாஸ்வேர்டு போனை விட்டு வெளியே வருவதே இல்லை. அதையும் நெட்வொர்க்கின் பெயரையும் சேர்த்து, 4,096 சுற்றுக் கணக்குப் போட்டு, போன் ஒரு சாவியைத் தயாரிக்கிறது. (பாஸ்வேர்டு ஒன்றாகவே இருந்தாலும் பெயர் மாறினால் சாவியும் மாறிவிடும்.) ரூட்டரிடமும் அதே சாவி உண்டு. பிறகு இரண்டும் ஆளுக்கொரு புதிய எண்ணைப் பகிரங்கமாகச் சொல்லிக்கொள்கின்றன. சாவியோடு அவற்றைக் கலந்து தனித்தனியே கணக்கிட்டு, விடையை மட்டும் ஒத்துப்பார்க்கின்றன. அப்பா வேலை பார்த்த வங்கியில் இரண்டு பேர் ஒரே பேரேட்டைத் தனித்தனியாகக் கூட்டி, கடைசித் தொகையை மட்டும் வாய்விட்டுச் சொல்வார்கள். அதே ஏற்பாடுதான். நான்கே செய்திகளில் முடிந்துவிடும்.

ஆனால் அந்த நான்கையும் மாடிப்படியில் நின்றே ஒருவர் பதிவுசெய்து கொண்டுபோகலாம். வீட்டில் உட்கார்ந்து, விடை பொருந்தும்வரை பாஸ்வேர்டை ஊகித்துக்கொண்டே இருக்கலாம். டெல்லி அடுக்ககங்களில் கனெக்‌ஷன் கொடுக்க வரும் பையன் பெரும்பாலும் உங்கள் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போகிறான். 6 முதல் 9 வரை ஏதோ ஓர் எண்ணில் தொடங்கும் பத்து இலக்கம்: மொத்தமே 400 கோடி. நொடிக்குப் பத்து லட்சம் ஊகிக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. அந்த எண்ணை அப்படியே விட்டுவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"யாரோ கொஞ்சம் படம் பார்த்துவிட்டுப் போகட்டுமே" என்பார்கள். 2008 செப்டம்பர் 13 அன்று கரோல்பாக், கன்னாட் பிளேஸ், கிரேட்டர் கைலாஷ் ஆகிய இடங்களில் குண்டுகள் வெடித்தன. பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல், மும்பை செம்பூரில் ஒரு நிறுவனம் பூட்டாமல் விட்டிருந்த வைஃபை வழியாகப் போனது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, விசாரணை அவர் வாசலுக்குத்தான் முதலில் வரும். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாப்பாக அமைக்கும்படி இணைய நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது.

2018இல் வந்த டபிள்யூபிஏ3 அந்த மாடிப்படி வேலையை அடைத்துவிட்டது. பதிவுசெய்து கொண்டுபோனதை வைத்து இனி ஊகிக்க முடியாது. ஒவ்வோர் ஊகத்துக்கும் ரூட்டரிடமே வந்து கேட்டாக வேண்டும். புது ரூட்டர் வாங்கும்போது இது இருக்கிறதா என்று கடையிலேயே கேளுங்கள். பழையதுதான் என்றால், தொடர்பில்லாத நாலைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, இன்று ராத்திரியே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.