டொனால்டு வாத்தின் இரண்டு கைகள்

'டெர் ஃபியூரர்ஸ் ஃபேஸ்' எட்டு நிமிடம் ஓடும் கார்ட்டூன் படம். வால்ட் டிஸ்னி ஸ்டுடியோ தயாரித்து, ஜாக் கின்னி இயக்கி, 1943 ஜனவரி 1 அன்று வெளியானது. பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு அந்த ஸ்டுடியோவின் பெரும்பகுதி வேலை அரசுக்கும் ராணுவத்துக்கும் போய்விட்டது. வருமான வரி கட்டச் சொல்லிக்கூட டொனால்டு வாத்து நடித்த காலம் அது.

அன்றைய கார்ட்டூனில் பென்சிலில் வரைந்ததைக் கண்ணாடிபோன்ற செல்லுலாய்டு தாளில் மையால் பிரதியெடுப்பார்கள். தாளின் பின்பக்கம் வண்ணம் தீட்டி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள். ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள். திரையில் தெரிவது எல்லாமே வரைந்ததுதான் என்பதால், ஓவியர் நினைத்தால் மேகத்தையும் மரத்தையும்கூட ஸ்வஸ்திகா வடிவில் வளைத்துவிடலாம். இந்தப் படத்தில் அப்படியே வளைத்திருக்கிறார்கள். கண் திரும்பும் இடமெல்லாம் நாஜிக் கட்சிச் சின்னம் நிற்கும் ஓர் ஊரை ஒரு வசனமும் இல்லாமல் காட்டிவிடுகிறார்கள்.

அந்த ஊரில் டொனால்டு ஒரு தொழிலாளி. துப்பாக்கிக் கத்தியால் குத்தி எழுப்புகிறார்கள். காலை உணவுக்கு ரொட்டியை ரம்பத்தால் அறுக்கிறான். பெட்டகத்தில் பூட்டி வைத்த ஒரே ஒரு காப்பிக்கொட்டையை எடுத்து நீரில் முக்குகிறான். முட்டைக்கும் பன்றிக்கறிக்கும் பதில் அவற்றின் வாசனையை வாயில் பீய்ச்சிக்கொள்கிறான்.

பிறகு தொழிற்சாலை. ஓடும் பட்டையில் சிறிதும் பெரிதுமாகக் குண்டுகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் மூடி திருக வேண்டும். நடுநடுவே ஹிட்லரின் படமும் வருகிறது. பார்த்ததும் கை நீட்டி வணங்க வேண்டும். பட்டை வேகமெடுக்கிறது. திருகுவதா, வணங்குவதா? இரண்டையும் செய்ய இரண்டு கைகள் போதாமல் வாத்துக்குப் புத்தி பேதலிக்கிறது. ஹிட்லரின் மீசையைக் கிண்டல் செய்த படங்கள் எத்தனையோ உண்டு. மனிதனிடம் உழைப்பையும் பிடுங்கி, பக்தியையும் பிடுங்கும் ஆட்சி என்று பாசிசத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டிய காட்சி அபூர்வம்.

படம் சிறந்த கார்ட்டூன் குறும்படத்துக்கான ஆஸ்கர் விருது பெற்றது. ஆனாலும், பாசிசத்தைச் சாடிய அதே தூரிகை ஜப்பானியரை இனத்தை வைத்தே கேவலப்படுத்தி வரைந்திருக்கிறது. அந்தக் காலத்து அமெரிக்கப் போர்க்கால கார்ட்டூன்கள் பலவற்றில் இதே கறை உண்டு. தொழிற்சாலைக் காட்சிக்காக இந்தப் படத்தை அவசியம் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காட்டுவதானால், அந்தக் கறையையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.