பார்த்தவர்கள் ஆயிரம்... வாங்கியவர்கள் யார்? வெப் அனலிட்டிக்ஸில் ஃபில்டர் போடுவது எப்படி?

ஆரணியில் பட்டுச்சேலை வாங்கப் போகிறீர்கள். "சிவப்புல, சின்ன பார்டர், பத்தாயிரத்துக்குள்ள காட்டுங்க" என்கிறீர்கள். கடைக்காரர் பத்து சேலைகளை விரித்துப் போடுகிறார். மற்ற சேலைகள் எங்கேயும் போய்விடவில்லை, அலமாரியில்தான் இருக்கின்றன. "சரி, பச்சையில காட்டுங்க" என்றால் அவையும் வரும்.

இணையதளத்துக்கு வருபவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகளில் உள்ள ஃபில்டரும் இப்படித்தான். ஆனால், அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கேட்டதை மட்டும் எடுத்துக் காட்டும். இன்னொன்று, சரக்கைக் கடைக்குள்ளேயே விடாமல் வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், இழந்த டேட்டா திரும்ப வராது.

மொத்தக் கணக்கு ஏன் போதாது?

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டை, கலசப்பாக்கத்திலிருந்து ஆன்லைனில் விற்கும் ஒரு சிறு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு மாதத்தில் 1,000 வருகைகள், 20 ஆர்டர்கள். அதாவது 2 சதவீதம். "பரவாயில்லையே" என்று தோன்றும்.

இப்போது மொபைல், கம்ப்யூட்டர் என்று பிரித்துப் பார்க்கிறோம். மொபைலில் 800 வருகைகள், 4 ஆர்டர்கள். கம்ப்யூட்டரில் 200 வருகைகள், 16 ஆர்டர்கள். ஒருபக்கம் அரை சதவீதம், மறுபக்கம் 8 சதவீதம்! மொபைலில் பணம் செலுத்தும் பக்கத்தில் ஏதோ சிக்கல் இருக்கலாம் என்பது இப்போதுதான் தெரிகிறது. இதைப் பார்க்காமல் இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குக் கூடுதலாகப் பணம் போட்டால், வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதே பழுதான வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

முதல் வகை: ரிப்போர்ட் ஃபில்டர்

கூகுள் அனலிட்டிக்ஸ் 4-ல் ரிப்போர்ட்டின் மேல்பகுதியில் 'ஆட் ஃபில்டர்' என்று இருக்கும். எதை வைத்துப் பிரிக்க வேண்டும் (கருவி, ஊர், எங்கிருந்து வந்தார், எந்தப் பக்கம்) என்பதைத் தேர்வு செய்து, மதிப்பைக் கொடுத்து, 'அப்ளை' அழுத்தினால் போதும். இது பார்வையை மட்டுமே மாற்றும். எடுத்துவிட்டால் பழைய கணக்கு அப்படியே இருக்கும். தைரியமாகப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனாலும், மூன்று இடங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு.

வார்த்தை: பக்க முகவரியில் 'சில்க்' என்ற சொல் இருப்பவை எல்லாம் வேண்டும் என்று கேட்டால், 'சில்க்-காட்டன்' பக்கங்களும் சேர்ந்தே வரும். 'இன்ஸ்டாகிராம்.காம்' என்று மட்டும் துல்லியமாகக் கேட்டால், 'எல்.இன்ஸ்டாகிராம்.காம்' என்று பதிவானவர்கள் விடுபட்டுப் போவார்கள்.

ஊர்: இருப்பிடம் ஐபி முகவரியை வைத்துத்தான் கணிக்கப்படுகிறது. ஆரணியில் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர் சென்னைவாசியாகப் பதிவாகலாம். 'நம்ம ஊர்ல யாருமே பார்க்கலை' என்று அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம்.

தேதி: தேதியும் ஒரு ஃபில்டர்தான். தீபாவளி 2023-ல் நவம்பர் 12; 2024-ல் அக்டோபர் 31; 2025-ல் அக்டோபர் 20. அக்டோபரை அக்டோபரோடு ஒப்பிட்டால் விற்பனை கூடியதா, பண்டிகை நகர்ந்ததா என்றே தெரியாது. தீபாவளிக்கு முந்தைய 30 நாட்களை, முந்தைய ஆண்டின் அதே 30 நாட்களோடு ஒப்பிடுவதே சரி. முகூர்த்த நாட்களுக்கும் இதே கதைதான்.

இரண்டாவது வகை: டேட்டா ஃபில்டர்

கடை உரிமையாளர், அவர் தம்பி, போட்டோ ஏற்றுபவர் என எல்லோரும் தினமும் தளத்தைத் திறந்து பார்ப்பார்கள். அந்த வருகைகளும் கணக்கில் ஏறும். சிறிய தளங்களில் இது படத்தையே மாற்றிவிடும். இதைத் தவிர்க்க, அட்மின் பகுதியில் உங்கள் ஐபி முகவரியை 'இன்டர்னல் ட்ராஃபிக்' என்று பதிவு செய்து, டேட்டா ஃபில்டர் மூலம் விலக்கலாம்.

கவனிக்க வேண்டியது இங்கேதான். இந்த ஃபில்டர் செயல்படத் தொடங்கிய பிறகு விலக்கப்படும் டேட்டா சேமிக்கப்படுவதே இல்லை. பின்னால் ஃபில்டரை நீக்கினாலும் அது வராது. அதேபோல், இது பழைய கணக்கையும் சுத்தம் செய்யாது. போட்ட நாளிலிருந்துதான் வேலை செய்யும்.

பழைய யுனிவர்சல் அனலிட்டிக்ஸில் ஃபில்டர் எதுவும் போடாத ஒரு 'வியூ'வைத் தனியாக வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அந்தச் சேவை 2023 ஜூலை 1 முதல் புதிய டேட்டாவைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. அனலிட்டிக்ஸ் 4-ல் அந்த வியூ வசதி இல்லை. எனவே தவறு செய்தால் கைவசம் மாற்றுப் பிரதி இருக்காது.

மொபைல் ஹாட்ஸ்பாட் வைத்திருப்பவர்களே, உஷார்!

சிறு ஊர்களில் பலர் போன் ஹாட்ஸ்பாட்டில்தான் வேலை பார்க்கிறார்கள். மொபைல் நெட்வொர்க்குகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வது சாதாரணம். 'என் ஐபி' என்று நினைத்து நீங்கள் விலக்கும் எண்ணில், சேலை வாங்க வந்தவரும் இருக்கலாம். அவர் வந்த தடமே பதிவாகாது. தவிர, அந்த எண் அடிக்கடி மாறும் என்பதால், நாளைக்கு உங்கள் வருகையே மறுபடி கணக்கில் ஏறிவிடும். ஸ்டாட்டிக் ஐபி உள்ள அலுவலக இணைப்புக்கு மட்டும் இந்த வழியைப் பயன்படுத்துவது பாதுகாப்பு.

அப்போதும் நேரடியாக 'ஆக்டிவ்' கொடுக்க வேண்டாம். டேட்டா ஃபில்டருக்கு 'டெஸ்டிங்' என்ற நிலை உண்டு. அதில் டேட்டா நீக்கப்படாது; எவையெல்லாம் விலக்கப்படும் என்று அடையாளம் மட்டும் போடப்படும். ஃபில்டர் அமலாக 24 முதல் 36 மணி நேரம் ஆகலாம். ஓரிரு வாரம் பார்த்து, விலக்கப்படுவது உங்கள் ஆட்கள் மட்டும்தான் என்று உறுதியான பிறகு ஆக்டிவ் செய்யலாம். தெரிந்த பாட்களின் வருகையைக் கருவியே தானாக நீக்கிவிடும். அதற்குத் தனி ஃபில்டர் தேவையில்லை.

எவ்வளவு வடிகட்டலாம்?

மொபைல், திருவண்ணாமலை, இன்ஸ்டாகிராம், 25 முதல் 34 வயது என்று அடுக்கிக்கொண்டே போனால், கடைசியில் மூன்று பேர் மிஞ்சுவார்கள். மூன்று பேரை வைத்து அடுத்த மாதம் எந்த நிறத்தில் எத்தனை சேலை நெய்யலாம் என்று முடிவு செய்ய முடியாது. ஆட்கள் மிகக் குறைவாக இருந்தால், தனியுரிமைக்காகச் சில விவரங்களைக் கருவியே மறைத்துவிடவும் வாய்ப்பு உண்டு.

அதனால், முதலில் கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள்: 'மொபைலில் வருபவர்கள் ஏன் வாங்குவதில்லை?' அதற்குத் தேவையான ஓரிரு ஃபில்டர்களை மட்டும் போடுங்கள். என்ன ஃபில்டர், எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து, "திடீர்னு ஏன் வருகை குறைஞ்சுது?" என்று வீட்டில் கேட்கும்போது, பதில் அந்த நோட்டில்தான் இருக்கும்.