வீடிழக்கும் வழக்கில் ஒரு வக்கீல்

குற்றஞ்சாட்டப்பட்ட ஏழைக்கு அரசாங்கமே தன் செலவில் வக்கீல் அமர்த்தித் தரவேண்டும் என்று, புளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி அனுப்பிய கிடியன் என்ற கைதியின் வழக்கில், 1963-ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தர்மம் சிவில் வழக்குகளின் வாசலில் நின்றுவிட்டது. இருப்பிடம் போனால் உத்தியோகமும் பிள்ளைகளின் படிப்பும் தேக சுகமும் கூடவே குலையும் என்பது பிரத்தியட்சமாயிருந்தும், வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கை ஏழை தனியே நின்றுதான் நடத்த வேண்டியிருந்தது.

நியூயார்க் நகரத்தில் வீட்டு வழக்குகளுக்கென்றே 1973 முதல் தனி நீதிமன்றம் உண்டு. 2013-ல் அங்கே வந்த குடித்தனக்காரர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குத்தான் வக்கீல் இருந்தார். வீட்டுக்காரர்களோ பெரும்பாலும் வக்கீலோடு வந்தார்கள். விசாரணைக்கு முன்பே, நீதிமன்றத் தாழ்வாரத்தில், எதிர்க்கட்சி வக்கீல் நீட்டிய ராஜிப் பத்திரத்தில், அதன் ஷரத்துக்கள் விளங்காமலே கையெழுத்திட்டுவிட்டு, குறித்த தவணையில் பாக்கியைக் கட்ட இயலாமல் வீட்டை இழந்தவர்கள் அநேகர். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. கடுங்குளிரில் வீட்டுக்கு வெப்பம் வராவிட்டாலும், கூரை ஒழுகினாலும், வாடகையைக் குறைக்கக் கோரும் பாத்தியதை அந்த மாநிலச் சட்டத்திலேயே இருக்கிறது; வாடகைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வீட்டில் அளவுக்கு மேல் வசூலித்த பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; நோட்டீஸ் முறைப்படி இல்லாவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம். எடுத்துச் சொல்ல ஆளில்லாததனால் இவ்வளவும் பிரயோஜனமின்றிக் கிடந்தன.

குடித்தனக்காரர் சங்கங்கள் பல ஆண்டுகள் செய்த கிளர்ச்சியின் பலனாக, மத்திய அரசு வகுத்த வறுமைக் கோட்டைப் போல் இரு மடங்குக்கு மேற்படாத வருமானமுள்ளவர்களுக்கு இத்தகைய வழக்குகளில் இலவசமாக வக்கீல் தரும் சட்டத்தை 2017 ஆகஸ்டில் அந்நகரம் இயற்றியது. அமெரிக்காவில் இதைச் செய்த முதல் நகரம் அதுவே. நகராட்சி பணம் தருகிறது. சட்ட உதவி ஸ்தாபனங்களின் வக்கீல்கள் வழக்காடுகிறார்கள். மறு ஆண்டே சான் பிரான்சிஸ்கோ இவ்வழியைப் பின்பற்றிற்று. 2021-ல் வாஷிங்டன் மாநிலம் முழுமைக்கும் இவ்வுரிமை வந்தது. நியூயார்க்கில் வக்கீல் துணை பெற்ற குடும்பங்களில் நூற்றுக்கு 84 தங்கள் வீட்டிலேயே நிலைத்தன என்று நகர நிர்வாகத்தின் அறிக்கை கூறுகிறது.

வாடகை வராவிட்டால் சிறு வீட்டுக்காரரும் கஷ்டப்படுவார் என்ற ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. ஆயினும், பாக்கியைத் தீர்க்க நகராட்சி தரும் அவசர உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்க வழி காட்டுவதும் இந்த வக்கீல்களின் வேலையாதலால், அவருக்கும் இதில் லாபமே.

கொள்ளைநோய்க் காலத்தில் நியூயார்க்கில் விதித்திருந்த வெளியேற்றத் தடை 2022 ஜனவரியில் நீங்கியதும் வழக்குகள் குவிந்தன, வக்கீல்கள் போதவில்லை, சட்டப்படி உரிமையுள்ளவர்களே துணையின்றி மறுபடியும் நீதிபதியின் முன் நின்றார்கள். வக்கீல் தருவதாகச் சட்டம் வாக்களித்த பிறகு, அவர் வந்து சேரும் வரையில் வழக்கை ஒத்திவைப்பதே நீதிமன்றத்தின் கடமையாகும்.