ஏரியும் கணினியும்

தாம்பரத்தை அடுத்த சேலையூர் ஏரி மழைநீரை எண்ணுவதில்லை; தேக்கிக்கொள்கிறது. கலங்கல் வழியாதவரை, உயர்ந்த நீர்மட்டத்தைக் கொண்டே மொத்த நீர்வரத்தை மதிப்பிடலாம். அனலாக் மின்சுற்றில் ஏரியின் பணியை மின்தேக்கி செய்கிறது. பாயும் மின்னோட்டம் அதில் மின்னூட்டமாகச் சேர, மின்னழுத்தம் உயர்கிறது. தொகையீடு தானே நிகழ்கிறது. ஆயினும், ஏரிநீர் ஆவியாவதுபோல் அவ்விடையும் மெல்லக் கசிந்து மறையும்.

அதனைப் பதிந்துவைக்கக் கணினி வேண்டும். 1984இல் நடுவண் அரசின் ‘கிளாஸ்’ திட்டத்தின்வழி இந்தியப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினி வந்தது. அதன் ‘பி’ வகையில் 4 அனலாக் உள்ளீடுகள் உண்டு. மின்னழுத்தத்தை ஒருமுறை எண்ணாக மாற்ற அதற்கு ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். அவ்விடைவெளியில் நிகழும் மாற்றங்களைக் கணினி காணாது. மின்தேக்கியோ அவற்றையும் சேர்த்து வைத்திருக்கும். பழங்கணினியின் வேகக்குறையை எளிய மின்சுற்று இவ்வாறு ஈடுசெய்கிறது.