ஒரே இணையத்தளத்தில் பல விளம்பர வலையமைப்புகள்

ஒரே இணையத்தளத்தில் பல விளம்பர வலையமைப்புகளைப் பயன்படுத்துதல் என்பது, தள உரிமையாளர் ஒருவர் தமது பக்கங்களில் உள்ள விளம்பர இடங்களை ஒரு நிறுவனத்திடம் மட்டும் ஒப்படைக்காது, தம்முள் போட்டியிடும் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு ஒரே காலத்தில் திறந்து விடுவதைக் குறிக்கும். விளம்பர வலையமைப்பு என்பது விளம்பரதாரர்களிடம் பணம் பெற்று, அவர்களது விளம்பரங்களைப் பல தளங்களில் காட்டி, ஒரு பங்கைத் தான் எடுத்துக்கொண்டு எஞ்சியதைத் தள உரிமையாளருக்கு வழங்கும் இடைத்தரகு நிறுவனம் ஆகும்.

வலையமைப்புகளின் எண்ணிக்கை கூடினால் வருமானமும் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நடைமுறையில் வருமானம் பெரும்பாலும் வேறு இரு காரணிகளைப் பொறுத்து அமைகின்றது. முதலாவது, வலையமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கப்படுகின்றனவா, அல்லது ஒரே நேரத்தில் கேட்கப்படுகின்றனவா என்பது. இரண்டாவது, அந்தப் போட்டியை நடத்துபவர் தாமும் போட்டியாளராக இருக்கின்றாரா என்பது. இத்துறையின் வரலாறும், 2020களில் எழுந்த பெரும் வழக்குகளும் இவ்விரு வினாக்களையே சுற்றி அமைந்துள்ளன.

தொடக்கக் கட்டுப்பாடுகள்

கூகிள் நிறுவனம் 2003ஆம் ஆண்டு ஆட்சென்ஸ் சேவையைத் தொடங்கியது. பக்கத்தின் உள்ளடக்கத்தைப் படித்து அதற்குப் பொருத்தமான விளம்பரங்களைத் தானாகவே தெரிவு செய்வது இதன் சிறப்பு. விளம்பரதாரர்களைத் தேடி அலைய முடியாத சிறு தளங்களும் இதனால் வருமானம் ஈட்டத் தொடங்கின. 2005ஆம் ஆண்டு யாகூ நிறுவனம் இதற்குப் போட்டியாக யாகூ பப்ளிஷர் நெட்வொர்க் என்னும் சேவையை ஐக்கிய அமெரிக்காவில் சோதனை முறையில் தொடங்கியது. இச்சேவை 2010இல் மூடப்பட்டது.

அக்காலத்தில் இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்க இயலவில்லை. உள்ளடக்கத்தைச் சார்ந்து காட்டப்படும் வேறு நிறுவன விளம்பரங்கள் உள்ள பக்கத்தில் தன் விளம்பரங்களை இடக்கூடாது என்பது ஆட்சென்சின் விதியாக இருந்தது. 2007ஆம் ஆண்டு சனவரியில் இவ்விதி தளர்த்தப்பட்டது. அதன்பின், கூகிள் விளம்பரங்களின் அமைப்பையும் நிறங்களையும் ஒத்த பிற விளம்பரங்கள் அதே தளத்தில் இருக்கக்கூடாது என்ற கட்டுப்பாடே எஞ்சியது. படிப்பவர் எது யாருடைய விளம்பரம் எனக் குழம்பக்கூடாது என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம்.

இத்தளர்வுக்குப் பின் பலர் பக்கத்தின் மேற்புறத்தில் ஒரு வலையமைப்பையும் ஓரத்தில் மற்றொன்றையும் வைத்தனர். இதனைப் போட்டி என்று கூறுவது பொருந்தாது. ஒவ்வொரு இடமும் ஒரு நிறுவனத்துக்கே ஒதுக்கப்பட்டிருப்பதால், அந்த இடத்துக்கு எவரும் விலையை உயர்த்திக் கேட்பதில்லை. உண்மையான போட்டி ஒரே இடத்துக்குப் பலர் முயலும்போதே தோன்றுகின்றது.

அருவி முறை

ஒரே இடத்தைப் பலருக்குக் காட்டுவதற்கு முதலில் உருவான வழி அருவி முறை ஆகும். ஆங்கிலத்தில் இது வாட்டர்ஃபால் எனப்படும். தள உரிமையாளர் தமது வலையமைப்புகளை, அவை முன்னர் கொடுத்த சராசரி விலையின்படி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துவார். பக்கம் திறக்கப்பட்டதும் முதலாவது வலையமைப்பு கேட்கப்படும். அதனிடம் விளம்பரம் இல்லையெனில், அல்லது கோரப்பட்ட குறைந்தபட்ச விலையைத் தர அது விரும்பவில்லையெனில், கோரிக்கை அடுத்ததற்குச் செல்லும். இவ்வரிசையை இயக்கும் மென்பொருள் விளம்பர வழங்கி எனப்படுகின்றது.

இம்முறையின் குறை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கும். ஆயிரம் காட்சிகளுக்கு அ என்னும் வலையமைப்பு சராசரியாக 60 ரூபாயும், ஆ 45 ரூபாயும், இ 30 ரூபாயும் தருவதாகக் கொள்வோம். வரிசை அ, ஆ, இ என அமையும். இப்போது ஒரு படிப்பவர் வருகின்றார். அவர் முந்தைய நாள் ஓர் இணையக் கடையில் ஒளிப்படக்கருவி ஒன்றைப் பார்த்தவர். அக்கடை இ வலையமைப்பின் விளம்பரதாரர். இந்த ஒருவருக்கு விளம்பரத்தைக் காட்ட ஆயிரத்துக்கு 150 ரூபாய் வீதம், அதாவது ஒரு காட்சிக்கு 15 பைசா, தர அணியமாக உள்ளது. ஆனால் முதலில் கேட்கப்பட்டது அ. அதனிடம் இவருக்கென இருப்பது ஆயிரத்துக்கு 20 ரூபாய் வீதமான பொதுவான விளம்பரம். குறைந்தபட்ச விலை எதுவும் விதிக்கப்படாததால் அ அதனைக் காட்டிவிடுகின்றது. தள உரிமையாளருக்குக் கிடைப்பது 2 பைசா. இ என்ன தர இருந்தது என்பது அவருக்கு எக்காலத்திலும் தெரியவராது.

சராசரி உயர்ந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் உயர்ந்த விலை தருவார் என்று எடுத்துக்கொள்வதே இம்முறையின் அடிப்படைப் பிழை. இதனைச் சரிசெய்ய அ வலையமைப்புக்குக் குறைந்தபட்ச விலை விதிக்கலாம். அப்போது அது மறுக்கும் காட்சிகள் கீழே செல்லும். ஆனால் ஒவ்வொரு படியிலும் நேரம் செலவாகின்றது. கடைசி வலையமைப்பு விடையளிப்பதற்குள் படிப்பவர் பக்கத்தை விட்டு நீங்கியிருக்கலாம். இதனால் விளம்பர வழங்கியின் கணக்கும் வலையமைப்புகளின் கணக்கும் ஒத்துப்போவதில்லை. மாத முடிவில் யாருடைய எண்ணிக்கையின்படி பணம் பெறுவது என்பது நெடுநாளைய பிணக்காக இருந்துவந்தது.

கூகிள் நிறுவனம் டபிள்கிளிக் நிறுவனத்தை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக 2007இல் அறிவித்து, 2008ஆம் ஆண்டு மார்ச்சில் அதனை நிறைவு செய்தது. பெரிய தளங்கள் பயன்படுத்திய விளம்பர வழங்கி இதன்மூலம் கூகிளின் கைக்கு வந்தது. 2009இல் கூகிள் தனது விளம்பரச் சந்தையைப் புதுப்பித்து வெளியிட்டது. விளம்பரச் சந்தை என்பது ஒவ்வொரு காட்சியையும் நொடிப்பொழுதில் ஏலம் விடும் இடமாகும். அந்த விளம்பர வழங்கியில் பிற வலையமைப்புகள் அவற்றின் பழைய சராசரியைக் கொண்டே மதிப்பிடப்பட்டன. கூகிளின் சந்தை மட்டும் அந்தக் காட்சிக்கான உண்மை விலையுடன் அவற்றோடு போட்டியிட முடிந்தது. மேற்கண்ட எடுத்துக்காட்டில், 30 ரூபாய்ச் சராசரி கொண்ட இ வலையமைப்பை வெல்ல, அதன் 150 ரூபாயைத் தாண்ட வேண்டியதில்லை. 31 ரூபாய் போதும்.

தலைப்பகுதி ஏலம்

இந்நிலைக்கு மாற்றாக 2014, 2015ஆம் ஆண்டுகளில் பரவியது தலைப்பகுதி ஏலம். ஆங்கிலத்தில் ஹெடர் பிடிங் எனப்படும் இது, பக்கத்தின் நிரலில் தலைப்பகுதி எனப்படும் முதற்பிரிவில் இடப்படும் ஜாவாசிகிரிப்டு நிரலால் இயங்குகின்றது. விளம்பர வழங்கி அழைக்கப்படுவதற்கு முன்பே, படிப்பவரின் உலாவி எல்லா வலையமைப்புகளிடமும் ஒரே நேரத்தில் விலை கேட்கின்றது. ஏறத்தாழ ஒரு நொடி அளவிலான காலக்கெடு தரப்படும். அதற்குள் வந்த விலைகளில் உயர்ந்தது விளம்பர வழங்கிக்குத் தெரிவிக்கப்படும். பிந்தி வருபவை கணக்கில் கொள்ளப்படா.

ஆப்நெக்சஸ் நிறுவனம் 2015இல் வெளியிட்ட பிரீபிட் என்னும் திறந்த மூல மென்பொருள் இம்முறையை எவரும் கையாளக்கூடியதாக ஆக்கியது. இதில் ஒரு சுவையான சுற்றுவழி உண்டு. விளம்பர வழங்கிகள் வெளியிலிருந்து வரும் விலையைப் புரிந்துகொள்ளும்படி வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே தள உரிமையாளர்கள் ஒவ்வொரு விலைக்கும் ஒரு போலி விளம்பர ஒப்பந்தத்தை வழங்கியில் முன்கூட்டியே பதிந்து வைத்தனர். பிரீபிடின் நடுத்தரப் படிநிலையில் 20 டாலர் வரை 10 சென்ட்டுக்கு ஒன்றாக 200 பதிவுகள் தேவைப்படும். 2.37 டாலர் என்ற விலை வந்தால், 2.30 டாலர் என்ற பதிவு இயங்கும்.

இம்முறைக்கும் விலை உண்டு. பல நிறுவனங்களுடன் உலாவி பேச வேண்டியிருப்பதால் பக்கம் மெதுவாகத் திறக்கின்றது. கைப்பேசியில் இது நன்கு உணரப்படும். மேலும் ஏலத்தில் தோற்ற நிறுவனங்களுக்கும் படிப்பவரைப் பற்றிய தகவல் சென்றுவிடுகின்றது. 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தபின், இதற்குப் படிப்பவரின் ஒப்புதல் பெறும் அறிவிப்புப் பெட்டிகள் பெருகின. ஏலத்தை உலாவியில் நடத்தாது வழங்கியில் நடத்தும் முறையும் உண்டு. அது வேகமானது; எனினும் படிப்பவர் யார் என்பதை வலையமைப்புகள் அடையாளம் காண்பது குறைவதால் விலையும் குறையக்கூடும்.

ஏலத்துக்குள் ஏலம்

அக்காலத்தில் பல சந்தைகள் இரண்டாம் விலை ஏலத்தைப் பின்பற்றின. இதில் வென்றவர் தாம் கேட்ட விலையைச் செலுத்தாது, இரண்டாவதாக வந்தவரின் விலையை விடச் சற்றே கூடுதலாகச் செலுத்துவார். தனியொரு ஏலத்தில் இது நன்றாகவே இயங்கும். பல ஏலங்களின் முடிவுகளை மீண்டும் ஓர் ஏலத்தில் இடும்போது விந்தையான விளைவு ஏற்படுகின்றது. ஒரு சந்தையில் 100 ரூபாயும் 40 ரூபாயும் கேட்கப்பட்டன எனக் கொள்வோம். அது வெளியே அனுப்பும் விலை ஏறத்தாழ 40. இன்னொன்றில் 60 ரூபாயும் 55 ரூபாயும் கேட்கப்பட்டால், அது அனுப்புவது ஏறத்தாழ 55. இரண்டாவது சந்தையே வெல்லும். எவரும் தராத உயர்விலையான 100 ரூபாயைத் தர இருந்தவர் தோற்றுவிடுவார். இதனால் சந்தைகள் ஒவ்வொன்றாக முதல் விலை ஏலத்துக்கு, அதாவது கேட்ட விலையையே செலுத்தும் முறைக்கு மாறின. கூகிளின் சந்தை 2019இல் மாறியது.

மற்றொரு சிக்கல் கடைசிப் பார்வை எனப்பட்டது. தலைப்பகுதி ஏலத்தில் வென்ற விலை விளம்பர வழங்கிக்குச் சென்றதும், அது கூகிளின் சந்தைக்குக் குறைந்தபட்ச விலையாக அமைந்தது. பிறர் ஒருவரையொருவர் அறியாது விலை கூற, கூகிளின் சந்தை அவர்களது முடிவு தெரிந்த பின்னர் அதனைச் சற்றே விஞ்சி வெல்லும் வாய்ப்பைப் பெற்றது. ஊர் ஏலத்தில் மூடிய உறைகளைப் பிரித்துப் பார்த்த பின் ஒருவர் மட்டும் தம் உறையை எழுதுவதற்கு இதனை ஒப்பிடலாம். 2019ஆம் ஆண்டின் மாற்றத்துடன் இவ்வாய்ப்பு முடிவுக்கு வந்தது.

வழக்குகள்

விளம்பர வழங்கி, சந்தை இரண்டையும் ஒரே நிறுவனம் வைத்திருப்பது பல நாடுகளில் விசாரிக்கப்பட்டது. பிரான்சின் போட்டி ஆணையம் 2021ஆம் ஆண்டு சூனில், கூகிள் தன் வழங்கிக்கும் சந்தைக்கும் இடையே சலுகை காட்டியதாகக் கண்டு 22 கோடி யூரோ தண்டம் விதித்தது. ஐக்கிய அமெரிக்க நீதித் துறையும் சில மாநிலங்களும் 2023 சனவரியில் வர்ஜீனியாவில் வழக்குத் தொடுத்தன. 2025 ஏப்ரல் 17 அன்று நீதிபதி லியோனி பிரிங்கெமா, தள உரிமையாளருக்கான விளம்பர வழங்கிச் சந்தை, விளம்பரச் சந்தை ஆகிய இரண்டிலும் கூகிள் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகம் கொண்டிருந்ததாகவும், அவ்விரண்டையும் முறையற்றுப் பிணைத்ததாகவும் தீர்ப்பளித்தார். விளம்பரதாரர்களுக்கான வலையமைப்புகள் பற்றிய குற்றச்சாட்டு நிறுவப்படவில்லை. 2025 செப்டம்பரில் ஐரோப்பிய ஆணையம் 295 கோடி யூரோ தண்டம் விதித்தது. அமெரிக்கத் தீர்ப்பையும் ஐரோப்பிய ஆணையத்தின் முடிவையும் எதிர்த்து மேல்முறையீடு செய்யப்போவதாகக் கூகிள் அறிவித்தது.

சிறு தளங்களில்

மேற்கூறியவை பெரும்பாலும் செய்தித்தாள்கள் போன்ற பெரிய தளங்களின் சிக்கல்கள். தனியொருவர் நடத்தும் தளத்தில் கணக்கு வேறுவகையாக அமைகின்றது. வலையமைப்புகள் ஒரு குறிப்பிட்ட தொகை சேர்ந்த பின்னரே பணம் அனுப்புகின்றன. ஆட்சென்சில் டாலர் கணக்குகளுக்கு இது 100 டாலர். மாதம் 120 டாலர் ஈட்டும் தளம் ஒரே வலையமைப்பில் இருந்தால் ஒவ்வொரு மாதமும் பணம் பெறும். அதனையே 100 டாலர் வரம்புடைய நான்கு வலையமைப்புகளிடம் சமமாகப் பிரித்தால், எதுவும் நான்காம் மாதத்துக்கு முன் வரம்பைத் தாண்டாது. இடையில் ஒரு வலையமைப்பு மூடப்பட்டால் அதிலுள்ள தொகை இழக்கப்படவும் கூடும்.

2017இல் ஐஏபி டெக் லேப் அமைப்பு ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் என்னும் கோப்பு முறையை அறிமுகப்படுத்தியது. தமது இடங்களை விற்க உரிமை பெற்றவர்களின் பட்டியலைத் தள உரிமையாளர் இக்கோப்பில் வெளியிடுவார். பிறர் அத்தளத்தின் பெயரில் போலியாக இடம் விற்பதை இது தடுக்கின்றது. புதிய வலையமைப்பைச் சேர்த்துவிட்டு இக்கோப்பில் அதன் வரியைச் சேர்க்க மறப்பது, விளம்பரம் வராமைக்கு எளிதில் கண்ணில் படாத காரணமாகும். மோசடியான விளம்பரம் ஒன்று தோன்றினால், ஐந்து வலையமைப்புகளில் எது அதனைக் கொணர்ந்தது எனக் கண்டறிவதும் கடினம். ஒவ்வொரு படிப்பவருக்கும் வெவ்வேறு விளம்பரம் தெரிவதால் உரிமையாளர் அதனைத் தாமே காணாமலும் இருக்கலாம்.

ஆயினும் சிறு தளங்களுக்கு இரண்டாவது வலையமைப்பு பயன்படுவதற்கு விலையைத் தவிர வேறொரு காரணம் உண்டு. முறையற்ற சொடுக்குகள் நிகழ்ந்ததாக ஐயம் எழுந்தால் வலையமைப்புகள் கணக்கை நிறுத்திவிடும். சொடுக்கியவர் உரிமையாளரின் பகைவராயினும் விளைவு அதுவே. அவ்வேளையில் மற்றொரு வலையமைப்பின் நிரல் ஏற்கனவே தளத்தில் இருந்தால் வருமானம் முற்றாக நின்றுவிடாது.

தமிழ்த் தளங்கள்

ஆட்சென்ஸ் தமிழ் மொழிக்கு ஆதரவளிப்பதாகக் கூகிள் 2018ஆம் ஆண்டு பெப்ரவரியில் அறிவித்தது. அதற்கு முன், ஆதரிக்கப்படாத மொழியில் அமைந்த பக்கங்களில் ஆட்சென்ஸ் நிரலை இடுவது விதிகளுக்கு முரணானது. ஆகவே முதன்மையாகத் தமிழில் எழுதப்பட்ட தளங்களுக்குப் பிற வலையமைப்புகளும் நேரடி விளம்பரங்களுமே வழியாக இருந்தன. இத்தளங்களில் போட்டியிடும் வலையமைப்புகளை ஒருங்கே இயக்குவது பற்றிய கேள்வி 2018க்குப் பின்னரே முழுமையாக எழுந்தது.